மீட்டிங் நடக்கும் வீடு

இருபத்திமூன்று நாட்களாக அஜிதா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், ஹாலிலிருந்து படுக்கையறைக்கு.

வேலைதான் இருபத்திமூன்று நாட்களுக்கு முன்பே போய்விட்டது. கம்பெனி லேப்டாப்பையும் கூரியரில் திருப்பி அனுப்பியாயிற்று. இப்போது மேஜையில் இருப்பது கல்லூரிக் காலத்துப் பழையது. மூடியைத் திறக்கலாம், அவ்வளவுதான்.

கணவன் அனீஷிடம் சொல்லவில்லை. அவனும் ஐ.டி.தான், மாடியறையில் வேலை. அங்கே ஃபோனுக்கு ரேஞ்ச் கிடையாது, எல்லாம் வைஃபைதான். அவள் வேலை போன அன்று சாப்பிடும்போது, "எங்க டீம்ல பாதிப் பேர வேலய விட்டு எடுத்துட்டானுவ. உன் வேல உறுதியா இருக்கதுனாலதான் எனக்கு ஒறக்கம் வருது" என்றான். அதன்பிறகு எப்படிச் சொல்வது?

ஃபோன் டேட்டாவில் நூற்றுப்பன்னிரண்டு விண்ணப்பங்கள் போட்டாள். எட்டு வருட அனுபவம் சிலருக்கு அதிகம். ஏ.ஐ. தெரிந்தவர்கள் வேண்டும் என்றவர்களுக்குப் போதாது.

மாமியார் தாணம்மாள் தேங்காய் துருவக் கூப்பிட்டபோது, "மீட்டிங் அத்தை" என்றாள். அன்றிலிருந்து, மீட்டிங்குக்கு இடைஞ்சலாகுமென்று, அந்த வீட்டில் பகலில் மிக்ஸி ஓடவில்லை. அதனால் அஜிதாவின் மௌனம் வெளியே கேட்டது.

"என்ன மக்கா, சத்தமே இல்ல? மீட்டிங் முடிஞ்சா?"

அஜிதா பழைய லேப்டாப்பிடம் உரக்க ஆங்கிலம் பேசத் தொடங்கினாள். தாணம்மாள் பெருமை தாங்காமல் அடுத்த வீட்டு சத்தியபாயைக் கூட்டிவந்து கதவுக்கு வெளியே நிறுத்திக் கேட்க வைத்தாள்.

மறுநாள் சத்தியபாய் தன் மகள் ஸ்மைலினின் பயோடேட்டாவோடு வந்தாள்.

"உங்க கம்பெனியில ஒரு எடம் காலி இல்லியா பிள்ளே?"

ஒரு இடம் காலியானது அஜிதாவுக்கு நன்றாகத் தெரியும்.

"பாக்கேன் அக்கா."

"என்னத்த பாக்க? இப்பமே அனுப்பு மக்கா" என்றாள் தாணம்மாள்.

"நெட் ஸ்லோவா இருக்கு அத்தை. நாளைக்கு..."

சத்தியபாய் வீடு போய்ச் சேருமுன் தாணம்மாள் நெட்காரன் ஷைஜுவை ஃபோனில் பிடித்துவிட்டாள். பத்தே நிமிடத்தில் அவன் ஏணியோடு வந்து நின்றான். வைஃபை பெட்டியைப் பார்த்தான். வெளியே போய்ப் பலாமரத்தைப் பார்த்தான். அறுந்த ஒயரின் நுனியோடு திரும்பி வந்தான்.

"ஸ்லோ ஒண்ணும் இல்லக்கா, ஒயரே இல்ல. அன்னைக்கு மழையில கொம்பு ஒடிஞ்சு விழுந்துல்லா? இந்த வீட்டுக்கு நெட் போயி இருபது நாளாச்சு. தெருவுல எல்லாரும் விளிச்சு ஏசினாவ. நீங்க மட்டும் சொல்லவே இல்ல."

தாணம்மாள் மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினாள்.

"அப்போ இத்தன நாளா மீட்டிங்கு?"

அஜிதா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, எனக்கு வேல போயிட்டு. உங்க மகன்ட்ட மட்டும் சொல்லிராதீங்க. பாவம், இனி அவரு வேல ஒண்ணுதான் நமக்கு..."

"யெஸ், யெஸ், ஐ கேன் ஹியர் யூ!"

மாடியிலிருந்து அனீஷின் குரல் கணீரென்று இறங்கி வந்தது.

அறுந்த ஒயரைக் கையில் பிடித்தபடி ஷைஜு மேலே பார்த்தான்.

"அப்போ அண்ணன் யாருட்ட பேசுதாரு?"