அளவோடு அலட்சியம்

வடக்கு மிச்சிகனில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா கோஸ்டர், இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு நாய்க்குட்டியைக்கூட இடித்தவளல்ல. மான் வேட்டைக்குப் போக, காட்டுப் பாதையில் ஓடும் நாலு சக்கர மோட்டார் வண்டி ஒன்று வாங்கியவள், எதையும் முறைப்படி கற்க வேண்டுமென்று பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். விதி அங்கே பதினான்கு பக்கப் படிவமாகக் காத்திருந்தது.

“இதுல என்னய்யா எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா. உங்களுக்கு என்ன ஆனாலும் நாங்க பொறுப்பில்ல,” என்றான் பயிற்சியாளன் டுவேன்.

“உங்க தப்பால ஆனா?”

“அதுக்குன்னே ஒன்பதாம் பக்கம் போட்டிருக்கோமே!”

முப்பது இடத்தில் கையெழுத்திட்டாள். ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்த டுவேன், பயிற்சி வண்டியின் பிரேக்கை மட்டும் பார்க்கவில்லை. முதல் இறக்கத்திலேயே வெர்னா ஒரு பைன் மரத்தை ஆரத் தழுவினாள். மணிக்கட்டு முறிந்தது. ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதென்றார் டாக்டர். வெர்னா வழக்குப் போட்டாள்.

சட்டம் தெளிவாக இருந்தது. அவள் போட்ட கையெழுத்து சாதாரண அலட்சியத்தை மன்னிக்கும். மட்டுமீறிய அலட்சியத்தை மன்னிக்காது.

பயிற்சிப் பள்ளியின் வக்கீல் எழுந்தார். “கனம் நீதிபதி அவர்களே! என் கட்சிக்காரர் அலட்சியமானவர்தான். ஆனால் அளவோடு அலட்சியமானவர்!” பிறகு டுவேனிடம் திரும்பினார். “அன்றைக்கு மட்டும்தான் பிரேக்கைப் பார்க்கவில்லையா?”

“என்னிக்குமே பார்த்ததில்லைங்க. எங்கப்பா ஒரு தடவை பார்த்ததா சொல்லுவாரு.”

வெர்னாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கேஸ் ஜெயித்த மாதிரிதான்!

“கேட்டீர்களா?” என்றார் வக்கீல். “அன்றாடம் நடப்பதுதானே சாதாரணம்?”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, ஒப்புக்கொண்டார். வழக்கு தள்ளுபடி.

“அடப்பாவி!” என்று வாசலில் வெர்னா டுவேனைப் பிடித்துக்கொண்டாள். “மத்த நாளெல்லாம் ஒழுங்கா பார்த்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேனேடா!”

“மன்னிச்சுக்குங்கக்கா, ‘ஒரு நாளும் பிரேக்கைப் பார்த்துடாதே’ன்னு எங்க வக்கீல்தான் ஆரம்பத்துலயே சொல்லி வெச்சிருந்தாரு.”

மறுவாரம் பயிற்சிப் பள்ளி வாசலில் பெரிய பலகை ஏறியது: ‘எங்களிடம் சாதாரண அலட்சியம் மட்டுமே. நீதிமன்றம் உறுதி செய்தது.’ சாலை வரை வரிசை நின்றது. தபால்காரி மார்சி, தனக்கு முன்னால் நின்றவளைப் பார்த்துத் திகைத்தாள்.

“வெர்னா! நீயுமாடி?”

“பின்னே? மத்த பள்ளிக்கூடத்துல எவ்வளவு அலட்சியம்னு யாருக்குத் தெரியும்? இங்கதான் கோர்ட்டே அளந்து சொல்லிருச்சே,” என்றாள் வெர்னா. “தள்ளாத, பேனா இருந்தா குடு.”