நர்கீஸை இரண்டாம் தரத்தில் போட்ட விவரம்

திண்டுக்கல்,
22-1-1961

எங்கள் மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய மச்சான் சேக் பரீது அவர்களுக்கு, தங்கள் தங்கை அஜீஸுன்னிசாவின் கணவன் அக்பர் அலி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கள் தங்கையும் மகள் நர்கீஸும் சுகமாக இருக்கிறோம். சென்னையில் தாங்களும், தங்கள் வீட்டாரும், பெரியமேட்டுத் தோல் வியாபாரமும் அவ்வாறே சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தாங்கள் இங்கே வந்திருந்தபோது, பெண்பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு போதும், அத்துடன் நிறுத்திவிடு என்று சொன்னீர்கள். நர்கீஸ் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். கடைசியில் நாம் ஒரு பேச்சுக்கு வந்தோம். இங்கிலீஷில் வகுப்பில் முதல் பத்துப் பேருக்குள் வந்தால் மேலே படிக்கட்டும், வராவிட்டால் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. நானும் கையடித்துக் கொடுத்தேன். மச்சான், நாற்பத்து நான்கு பேரில் நர்கீஸ் இரண்டாவதாக வந்திருக்கிறாள். இத்துடன் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஊரில் பலருக்கும் வாய் இருப்பதால், நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

ஜூலை மாதம் சென்னையிலிருந்து ஆனந்தமேரி என்ற ஒரு மிஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எப்படி ஏறுகிறது என்று ஆராய்ச்சி செய்யவாம். வந்ததும் ஆறாம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஏ பிரிவுக்குப் படம் காட்டி, பேச வைத்துப் புது மாதிரிப் பாடம். பி பிரிவுக்குப் பழைய புத்தகம், பழைய வாத்தியார், பழைய மனப்பாடம். நர்கீஸ் பி பிரிவில் விழுந்தாள். மச்சான், தாங்களும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். ஏ என்றால் முதல் தரம், பி என்றால் இரண்டாம் தரம், அடுத்தது கழிவு. இருபது வருஷமாகத் தோல் தரம் பிரிக்கிறவனுடைய மகளை ஒருத்தர் இரண்டாம் தரத்தில் தூக்கிப் போட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கே போனேன்.

"மிஸ்ஸு, எம் மகள இன்னொரு தடவ நல்ல வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. ரெண்டாந்தரத்துல போடுற சரக்கு இல்ல அது" என்றேன்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "ஐயா, இதுல ஒசத்தி தாழ்த்தி ஒண்ணுமில்ல. சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பிரிச்சேன். யாரையும் பாத்துப் பிரிக்கல" என்றார்.

பார்க்காமல் தரம் பிரிக்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். "பி பிரிவுப் பிள்ளைகளுக்கு வெளியில யாரும் தனியாச் சொல்லிக்கொடுத்துறாதீங்க. அப்படிச் செஞ்சா எந்த முறை நல்லதுன்னே தெரியாமப் போயிரும். என் ஆராய்ச்சி மொத்தமும் பாழ்" என்றார். இவ்வளவு வற்புறுத்தி ஒருவர் வேண்டாம் என்றால் அதில் ஏதோ லாபம் இருக்க வேண்டும் என்று என் வியாபாரப் புத்திக்குப் பட்டது.

வாசலில் தொப்பம்பட்டிக் கண்ணுசாமி நின்றுகொண்டிருந்தார். கத்தரிக்காய் விவசாயி. அவர் மகள் இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள், அவளும் பி பிரிவு. "ஏனுங்க பாய், ஒட்டன்சத்திரம் சந்தையிலகூட கூடையக் கொட்டிப் பாத்துத்தானுங்க வெல சொல்றான். இந்தம்மா மூடுன கூடையில கைய விட்டு எடுத்துப்போட்டா என்னங்க நாயம்?" என்றார். மனுஷன் என் வயிற்றெரிச்சலை அப்படியே சொல்லிவிட்டார். இருவருமாகச் சேர்ந்து, இங்கிலீஷ் தெரிந்த ஆளைத் தேடி, முனியப்பனைப் பிடித்தோம்.

முனியப்பன் பட்டாளத்தில் பதின்மூன்று வருஷம் வெள்ளைக்கார ஆபீசர்களுக்குச் சமைத்துப் போட்டவர். இலக்கணம் தெரியாது, எழுதத் தெரியாது, ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ் கொட்டும். வகுப்பு நடத்த இடம் வேண்டுமே, எங்கள் முதலாளி நைனா முகமதுவின் தோல் கிடங்கில் சாயங்காலம் ஆள் போன பிறகு நடத்தினோம். சாவி என்னிடம்தானே இருக்கிறது. பி பிரிவில் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். முதல் வாரம் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டே படித்ததில், வந்த இங்கிலீஷ் எல்லாம் ஜலதோஷம் பிடித்த இங்கிலீஷாக வந்தது. பிறகு நாற்றம் பழகிவிட்டது. முனியப்பனிடம் புத்தகம் கிடையாது. ஒரு பிள்ளை ஆபீசர், மற்றவர்கள் சமையல்காரர்கள். சல்யூட் அடித்து, இன்றைக்கு என்ன சூப், ரொட்டி கருகிவிட்டது, கிரேவி இன்னும் கொஞ்சம் ஊற்று என்று மாறி மாறிப் பேச வேண்டும்.

ஒரு மாதத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. தங்கள் தங்கை தட்டில் சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கப் போனால் நர்கீஸ் விறைப்பாக உட்கார்ந்து இங்கிலீஷில் ஏதோ உத்தரவு போடுகிறாள். "என்னங்க, இவ என்னைய வையிறாளா, பாராட்டுறாளா? தெரிஞ்சா அதுக்குத் தக்கன நானும் பேசுவேன்ல" என்று தங்கள் தங்கை என்னிடம் கேட்டாள். எனக்கு மட்டும் தெரியுமா? பாராட்டுகிறாள் என்றே சொல்லி வைத்தேன்.

டிசம்பரில் பரீட்சை வந்தது. மிஸ் சென்னையிலிருந்து ஒரு பெரிய படம் வரவழைத்து மாட்டினார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, படத்தில் என்ன நடக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். ஆண்டவன் புண்ணியத்தில் அந்தப் படம் ஒரு குடும்பம் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற படம். ஏ பிரிவுப் பிள்ளைகள் ஆறு மாதமாக மாடு, மரம், சூரியன் என்று படித்தவர்கள், திகைத்து நின்றார்கள். நம் ஒன்பது பேரும் ஒவ்வொருவராகப் போய், சல்யூட் அடித்து, கரண்டி முதல் கிரேவி வரை ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறார்கள். படத்தில் இருந்த தகப்பனாரைப் பார்த்து, சூப் ஆறிவிட்டது, மன்னிக்க வேண்டும் சார் என்று நர்கீஸ் வருத்தமும் தெரிவித்திருக்கிறாள். கண்ணுசாமி மகள் முதல், நர்கீஸ் இரண்டாவது.

அதற்குப் பிறகுதான் கஷ்டகாலம் தொடங்கியது. கண்ணுசாமி சந்தோஷம் தாங்காமல் ஒரு கூடை கத்தரிக்காயை மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். எதற்கு என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, "சும்மாங்க" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டார். தலைமையாசிரியர், மனப்பாடமே சிறந்தது என்று நான் அன்றைக்கே சொன்னேனே என்று படங்களை எல்லாம் கட்டி அலமாரி மேல் ஏற்றிவிட்டார். இனி எல்லா வகுப்புக்கும் பழைய புத்தகம்தானாம். ஏ பிரிவுப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை பி பிரிவுக்கு மாற்றச் சொல்லிப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார்கள். முதலாளி மகன் முனீர் ஏ பிரிவு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏலே அக்பரு, எம் மவன் நாப்பத்தி மூணாவது, ஒம் மக ரெண்டாவது. இது எப்படிரா? அது கெடக்கட்டும், கிடங்குல எந்தத் தோல எடுத்தாலும் அடியில சாக்குக்கட்டில படம் போட்டிருக்கே, முள்ளுக்கரண்டியும் கத்தியுமா, அது யாரு வேல?" என்றார். எலி வேலையாக இருக்கும் என்றேன்.

ஆனால் வீட்டில்தான் எனக்கு மனசு சரியில்லை. நர்கீஸ் நாலு நாளாக ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. கண்பட்டுவிட்டது என்று தங்கள் தங்கை ஓதி ஊதிப் பார்த்தாள். நேற்று நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மிஸ்ஸு பாவம் அத்தா. ஏன் இப்படி வந்துச்சுன்னு தெரியாம தாளு தாளாக் கணக்குப் போட்டுப் பாக்குறாங்க. நாம சொல்லிரலாம்" என்றாள்.

"வாயத் தொறக்காத தாயி. தொறந்தா மார்க்கு போயிரும். மார்க்கு போனா படிப்பு போயிரும். ஒங்க மாமு அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காக" என்றேன்.

தாங்கள் தவறாக நினைக்கக் கூடாது, அவசரத்தில் அப்படி வந்துவிட்டது. ஆகவே மச்சான், முதல் பத்துக்குள் வர வேண்டும் என்பதுதான் நம் பேச்சு. எப்படி வர வேண்டும் என்று நாம் பேசவே இல்லை. சொன்ன சொல்லைத் தாங்களும் காப்பாற்ற வேண்டும், நானும் காப்பாற்றுகிறவன்தான். மிஸ்ஸுக்கு எதுவும் தெரியாது, தெரியப்போவதும் இல்லை.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் ஸலாமும், பிள்ளைகளுக்கு எங்கள் துஆவும் சேரட்டும். தங்கள் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மச்சான்,
அக்பர் அலி

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் சேராமல் பத்து நாளாக என் சட்டைப்பையிலேயே கிடந்தது. நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். இதை எழுதிய மறுநாளே மிஸ் வகுப்பில் நின்று, உங்களில் யாருக்காவது வெளியில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று இங்கிலீஷிலேயே கேட்டிருக்கிறார். நாற்பத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பயந்து உட்கார்ந்திருந்தார்களா, கேள்வி புரியாமல் உட்கார்ந்திருந்தார்களா, எனக்குத் தெரியாது. நர்கீஸ் மட்டும் எழுந்து நின்று, "மை ஃபாதர். லெதர் கோடவுன். எவ்ரி ஈவினிங்" என்றாளாம். இதில் எதுவும் முனியப்பன் சொல்லிக்கொடுத்தது இல்லை மச்சான், எல்லாம் அவளாகச் சேர்த்தது.

மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று போனேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறு மாசத்துல ஒரு பிள்ள என்கிட்ட சொந்தமாப் பேசுன இங்கிலீஷு இதுதான் ஐயா" என்றார். அதற்காக மார்க்கைக் குறைக்காமல் விடவில்லை. ரயில்வே ஸ்டேஷன் படம் மாட்டி மறுபடியும் பரீட்சை வைத்துவிட்டார். ஸ்டேஷனில் சூப் ஏது? நர்கீஸ் முப்பத்தொன்றாவது.

பேசியபடி நான் அவளை நிறுத்த வேண்டும். நிறுத்தப் போவதில்லை. ஏழாம் வகுப்புக்கு என் மகள் வருவாள் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். தங்களிடம் கையடித்துக் கொடுத்த சொல்லை மீறுவது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, மன்னிக்கவும். கோபம் இருந்தால் என்னைத் திட்டித் தமிழில் எழுதுங்கள். அவளையும் திட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தயவுசெய்து இங்கிலீஷில் எழுதுங்கள். பாதி அவளுக்குப் புரியாது. மீதியை அவள் படித்துக்கொள்வாள்.