கூடுதல் ஆவணங்கள்

"படிப்பு முடிஞ்சதும் நீ திரும்பி வருவேங்கறதுக்கு என்னடி ஆதாரம்?" என்று சித்தி கேட்டபோது, ஆராய்ச்சி வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஆதாரமா? எதுக்கு?"

"நானா கேக்கறேன்? விசா ஆபீஸ்ல கேப்பாங்களாம். என்கூட வாக்கிங் வர்றாளே, அவ அக்கா பொண்ணுக்கு இதனாலயே விசா நின்னுபோச்சாம். பாவம், அழுது அழுது கண்ணு ரெண்டும் வீங்கிப்போச்சு."

ஆராய்ச்சி என்பது வீட்டார் வைத்த பட்டப்பெயர். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைத்தான் நாலு வருஷமாக வெளிநாட்டில் உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு அத்தியாயம் எழுதினால் டாக்டர் பட்டம். அதற்குள் மாணவர் விசா முடியப்போகிறது. புதுப்பித்துக்கொண்டு போக மூன்று வார லீவில் வந்திருந்தாள். விசா கிடைக்காவிட்டால் நாலு வருஷ உழைப்பும் அம்போ.

கல்யாணப் பேச்சை எடுத்தால் மறுநாளே கிளம்பிவிடுவேன் என்று வந்த அன்றே கறாராகச் சொல்லியிருந்தாள். யாரும் எடுக்கவில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். விசா அலுவலகத்தின் இணையதளத்தில் பாஸ்போர்ட், பல்கலைக்கழகக் கடிதம் என்று இரண்டே இரண்டுதான் போட்டிருந்தது.

"பார்த்தியா சித்தி?"

சித்தி கண்ணாடியை ஏற்றி இறக்கி, அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை விரலால் தொட்டாள். 'தேவைப்பட்டால் கூடுதல் ஆவணங்கள் கேட்கப்படலாம்.'

"இதுக்கு என்ன அர்த்தம்?"

தெரியவில்லை. ஆராய்ச்சி அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

நில அளவை ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய அப்பாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "சொத்து இருந்தா திரும்பி வந்துதானே ஆகணும்? வீட்டை உன் பேருக்கு எழுதிடறேன். விசா வந்ததும் மாத்திக்கலாம்."

மூன்றே நாளில் எழுதியும் விட்டார். மாடியில் குடியிருந்த அவள் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் மறந்துவிட்டார்.

மறுநாள் காலை அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அறை வாசலில் கைகட்டி நின்றான். "வீட்டுக்காரம்மா, குளிக்கலாமா?"

"அண்ணா, இது சும்மா விசாவுக்கு..."

"மோட்டார் போடணும். அனுமதி உண்டா இல்லையா?"

அண்ணி ஒரு படி மேலே போய், மாடியிலேயே தனி அடுப்பு வைத்துவிட்டாள். சித்திக்குத்தான் தாங்கவில்லை. "நல்லா இருந்த குடும்பம்! சரி போகட்டும், விசா வந்தா போதும். ஆனா ஒண்ணுடி, வீட்டை அங்க இருந்துக்கிட்டே வித்துடலாமேன்னு ஆபீசர் கேட்டா?"

அட, ஆமாம். கேட்டால்?

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கல்லூரி முதல்வர். 'படிப்பு முடிந்ததும் இவருக்கு எங்கள் கல்லூரியில் வேலை' என்று ஒரு கடிதம் கேட்டுப் போனார்கள். முதல்வர் உடனே தந்தார். கடிதத்தோடு ஒரு சாக்பீஸ் டப்பாவும் தந்தார்.

"சும்மா எப்படிம்மா எழுதித் தர்றது? ஊருக்குப் போறவரைக்கும் வந்து பாடம் எடுங்க. ஒரு லெக்சரர் பிரசவத்துக்குப் போயிருக்காங்க."

எழுபது பேர் கொண்ட வகுப்பு. தொண்டை கட்டியது. போதாக்குறைக்கு, திருத்தச் சொல்லி மூன்று கட்டு விடைத்தாளையும் தலையில் கட்டிவிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து சித்தி உச்சுக்கொட்டினாள்.

"எவ்வளவு கஷ்டப்படறே! ஆனா வேலைன்னா என்ன, ஒரு வரி எழுதிக் குடுத்தா ராஜினாமாதானே? எனக்கு அதுதான் பயமா இருக்கு."

ஆராய்ச்சி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். விற்க முடியாதது, ராஜினாமா பண்ண முடியாதது. அப்படி என்ன இருக்கிறது? நாலு வருஷப் படிப்பு சும்மா போகுமா? பளிச்சென்று பிடித்துவிட்டாள்.

"நிச்சயதார்த்தம்!"

"வாயைக் கழுவு! படிக்கிற பொண்ணு பேசற பேச்சா இது?"

"நிஜமா இல்ல சித்தி. மோதிரம் மாத்தற மாதிரி ஒரு போட்டோ. போன வருஷம் ஒரு பல் டாக்டரைக் காட்டினியே..."

"நீதான் வேண்டாம்னுட்டியே. அவங்க அம்மா முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கறது? நான் வரமாட்டேன்."

"நீ வரவேண்டாம். நானே பேசிக்கறேன்."

கிளினிக்கில் பல் டாக்டர் ஒரு பெரியவரின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆராய்ச்சி அந்த வாய்க்கு மேலேயே விஷயத்தைச் சொல்லி முடித்தாள். "ஒரே ஒரு போட்டோ. அவ்வளவுதான். முடியுமா?"

"சரி."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீங்க காரணமில்லாம வரமாட்டீங்க." அவன் காது சிவந்துவிட்டது. பெரியவர் ஏதோ சொல்லப் பார்த்தார். வாயில் பஞ்சு இருந்தது.

ஒரே ஒரு போட்டோ என்பதை அவன் தன் அம்மாவிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த அம்மாள் நாற்பத்து மூன்று பேரோடு வந்து இறங்கினாள். ஆல்பமே தயாராகிவிட்டது. சந்தோஷத்தில் இரண்டு பெண்கள் அழுதார்கள். அண்ணன் கூட மாடியிலிருந்து இறங்கி வந்து, "வீட்டுக்காரம்மா, சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டான்.

ஆல்பத்தைப் புரட்டிய சித்தி பெருமூச்சு விட்டாள். "அழகாத்தான் இருக்கு. ஆனா நிச்சயம் முறியறது இப்பல்லாம் சகஜமாப் போச்சேடி. ஆபீசருக்குத் தெரியாதா? போதும், இதோட விடு. விசா வரலைன்னா என்ன, இங்கேயே இருந்துட்டுப் போயேன்."

ஆராய்ச்சிக்குச் சுருக்கென்றது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதா?

"பதிவே பண்ணிக்கறேன்! ரெண்டு கையெழுத்துதானே? படிச்சு முடிச்சதும் பேசித் தீத்துக்கலாம்."

"ஐயையோ! என்ன பேச்சு இது! உன் இஷ்டம், ஆனா நாளைக்கு என்னைச் சொல்லாதே."

பல் டாக்டர்தான் தயங்கினான். "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

"மனுஷங்க எப்படி முடிவெடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அதுதான் என் சப்ஜெக்ட்டு."

அவன் ஒரு கட்டு விடைத்தாளை எடுத்துக் கூட்டல் சரிபார்க்க உட்கார்ந்தான். இரண்டு சாயங்காலம் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை கூட அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்துத் தொலைத்துவிட்டது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

பதிவு அலுவலகத்தில் முதல் சாட்சியாகச் சித்தி கையெழுத்துப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் உன் படிப்புக்காகத்தான்" என்றாள்.

மறுநாள் விசா அலுவலகத்தில் ஏழாம் நம்பர் கவுன்ட்டர். ஆராய்ச்சியின் மடியில் வீட்டுப் பத்திரம், வேலைக் கடிதம், ஆல்பம், கல்யாணச் சான்றிதழ். பக்கத்தில் அப்பா.

கவுன்ட்டர் அம்மாள் எல்லாவற்றையும் வாங்கினாள். பாஸ்போர்ட்டையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் மட்டும் உருவிக்கொண்டு மற்றதை அப்படியே திருப்பித் தள்ளினாள். முத்திரை குத்தினாள். "அவ்வளவுதான். புதன்கிழமை விசா வந்துடும்."

"மேடம், இதையெல்லாம் பாருங்க. நான் திரும்பி வருவேன்கிறதுக்கு ஆதாரம்."

"அதெல்லாம் வேண்டாம்மா."

"இல்ல மேடம், கூடுதல் ஆவணங்கள்னு போட்டிருக்கே!"

"அது நடுவுல காலேஜ் மாறினவங்களுக்கு." பாஸ்போர்ட்டில் இருந்த பெயரை இன்னொரு தரம் படித்துவிட்டு அந்த அம்மாள் நிமிர்ந்தாள். "ஏம்மா, நீங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க சித்தி இங்க வந்து, உங்க பேரைச் சொல்லி, 'இந்த ரெண்டைத் தவிர வேற எதுவும் கேக்க மாட்டீங்களே?'ன்னு மூணு தடவை கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தானே போனாங்க!"