பெரிய மாப்பிள்ளையின் ஹீட்டர்

குமிழைச் சிவப்புக் கோடு முடியும் இடம்வரை திருப்பியாகிவிட்டது. ஆனாலும் கார் ஹீட்டரிலிருந்து வந்தது ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருமே, அந்தக் காற்றுதான்.

"நேத்துதானே ரிப்பேர் பண்ணி எடுத்துட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி, சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு.

"பண்ணினது தண்ணி பம்ப். ஹீட்டர் அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"தங்கச்சி வீட்டுக்காரர் கார்ல ஏறினா வெந்நீர்ல குளிச்ச மாதிரி இருக்கும்."

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லென்ஸ் துடைக்கும் துணியால், பனி படிந்த முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாமனாருக்கு அவர்தான் மூத்த மாப்பிள்ளை. பெயருக்குத்தான் மூத்தவர். மாமனார் ஊரிலிருந்து எப்போது வந்தாலும் பெட்டியை இறக்குவது சின்ன மாப்பிள்ளை வீட்டில். இப்போது முழங்கால் ஆபரேஷன் முடிந்து, சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வரப்போகிறார். ஒரு மாதம் ஓய்வு. யார் காரில் ஏறுகிறாரோ அவர் வீட்டில்தான் அந்த ஒரு மாதமும். இந்தத் தடவையும் சகலை தட்டிக்கொண்டு போவதை அவரால் தாங்க முடியாது. அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அவர் வயிற்றெரிச்சலில் கால்வாசியை டாஷ்போர்டுக்குள் திருப்பிவிட வழி இருந்திருந்தால், ஹீட்டரே தேவைப்பட்டிருக்காது.

வண்டியைத் திரும்பக் கொண்டுபோனபோது மெக்கானிக் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

"பம்ப் மாத்தும்போது தண்ணியை இறக்கினோம்ல சார். திரும்ப ஊத்தும்போது குழாய்க்குள்ள காத்து அடைச்சுக்கிச்சு. சுடுதண்ணி ஹீட்டர் பக்கம் போகல."

"இப்ப என்ன பண்ணணும்?"

"மேட்டுல, வண்டி மூக்கு மேல பாக்குற மாதிரி நிறுத்துங்க. ஆறின வண்டியா இருக்கணும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, தண்ணி குறையக் குறைய ஊத்துங்க. காத்து தானா வெளிய வந்துடும்."

"மேடா? நம்ம ஏரியாவுல மேடு எங்க இருக்கு?"

"ஏன் சார், உங்க சகலை வீட்டுத் தெரு மேடுதானே?"

ஊரெல்லாம் தோசைக்கல் போல் தட்டையாக இருக்க, ஒரே ஒரு மேட்டை இயற்கை அந்த மனிதன் வாசலில் கொண்டுபோய் வைத்திருந்தது. அங்கே போய் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதா? அதற்குக் காரை விற்றுவிட்டு நடந்தே போகலாம்.

நேராகக் கடைக்கு வந்தார். கடை வாசலில் இரண்டு படிகள் உண்டு. முன்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றினார். மூக்கு மேலே பார்த்தது. மேல்படி உடைந்து கீழே பார்த்தது.

பரவாயில்லை என்று இறங்கி மூடியைத் திறந்தார். மெக்கானிக் ஆறின வண்டி என்று சொன்னது, மூடி பாதி கழன்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. துள்ளி விலகியதால் கை பிழைத்தது. சட்டை பிழைக்கவில்லை. வாசலில் மாட்டியிருந்த புது ஃப்ரேம்களிலெல்லாம் பச்சைத் தண்ணீர் சொட்டியது.

உள்ளே இருந்த தண்ணீரில் பாதி வெளியே. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே. ஹீட்டர் முன்னைவிடச் சில்லென்று ஊதியது.

அந்த நேரம் பார்த்து சகலை போன் செய்தார்.

"அண்ணே, ஹீட்டர் மக்கர் பண்ணுதாமே? நான் வேணா வந்து பாக்கட்டுமா?"

"யார் சொன்னா? அனல் பறக்குது."

போனை வைத்த வேகத்தில் குமிழைப் பிடித்து ஒரு திருகு திருகினார். அது கையோடு வந்துவிட்டது. உள்ளே கம்பி சிவப்புப் பக்கத்திலேயே இறுகி நின்றுவிட்டது. இனிச் சூடு வந்தால் அதைக் குறைக்க வழியில்லை. வராத சூட்டைக் குறைப்பானேன் என்று குமிழைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி சிரித்தாள்.

"அப்பா போன் பண்ணினார். உங்களையே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றார்."

"என்னையா? சின்னவரை இல்லையா?"

"உங்களைத்தான்."

கடைசியில் மூத்தவன் அருமை தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட மனிதரைக் குளிரில் நடுங்க வைப்பதா? மானம் போனாலும் பரவாயில்லை என்று, மறுநாள் சகலை வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அந்தத் தெருவுக்குப் போனார். வண்டியை மேட்டில் ஏற்றி, ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தார். சகலை அன்று லீவு.

"என்னண்ணே, இந்தப் பக்கம்?"

"சும்மா, காத்து வாங்கலாம்னு."

"பக்கெட்டோடயா?"

தண்ணீர் ஊற்ற ஊற்ற உள்ளேயிருந்து கொப்பளித்துக் கொப்பளித்துக் காற்று வந்தது. பிறகு டாஷ்போர்டிலிருந்து வெதுவெதுப்பாக, அப்புறம் சூடாக, அப்புறம் கொதிக்கக் கொதிக்க வந்தது. சகலை தலையை உள்ளே நுழைத்துப் பார்த்துவிட்டு, "என் கார்ல இவ்வளவு வராதுண்ணே" என்றார். அந்த முகம் சுருங்கியதைப் பார்த்தபோது, உடைந்த படி, பாழான சட்டை எல்லாவற்றுக்கும் வட்டியோடு ஈடு கிடைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் காரை முன்கூட்டியே ஓடவிட்டு, கண்ணாடிகளையெல்லாம் ஏற்றி வைத்திருந்தார். மனைவியும் சகலையும் கைத்தாங்கலாக மாமனாரை அழைத்து வந்தார்கள். சகலை பெட்டியை மூத்தவர் கையில் கொடுத்தபோது அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை.

மாமனார் ஏறி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் நெற்றி வியர்த்தது. பிறகு கழுத்து.

"மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் குறைங்க."

சட்டைப்பைக்குள் கிடந்த குமிழை அவர் தடவிப் பார்த்துக்கொண்டார். "குறைக்க முடியாது மாமா. உங்களுக்காகவே சரி பண்ணினேன்."

மாமனார் கதவைத் திறந்து, கட்டுப் போட்ட காலை மெதுவாக வெளியே வைத்தார்.

"சின்னவர் கார்லயும் வீட்லயும் வெந்து வெந்து அலுத்துப்போய்த்தான் மாப்பிள்ளை, உங்க கார்ல ஹீட்டர் கெட்டுப்போச்சுன்னு பொண்ணு சொன்னதும், இந்த ஒரு மாசம் உங்க வீட்லயே இருக்கலாம்னு முடிவு பண்ணினேன்."