குடும்பங்களுக்கு மிக உகந்த ஊர்

மனித நாகரிகத்தின் சிகரம் எது என்று கேட்டால் சிலர் எகிப்துக்குக் கை காட்டுவார்கள், சிலர் கிரேக்கத்துக்கு. விவரம் தெரிந்தவர்கள் எங்கள் ப்ரூனாக்குக்குத்தான் காட்டுவார்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து முந்நூற்று நாற்பது மீட்டர் உயரம். நாகரிகம் இதற்கு மேலும் ஏற விரும்பியிருக்கலாம். ஆனால் மஞ்சள் பேருந்து எங்கள் தேவாலயத்தோடு திரும்பிவிடுகிறது.

நான் மெல்கியோர் பெச்சார்ட், ப்ரூனாக் விருந்தோம்பல் வாரியத்தின் செயலாளர். வாரியத்தின் தீர்மானங்களை எழுத்தில் வடிப்பது என் பணி. பதினோரு ஆண்டுகளில் நிறைவேறிய அத்தனை தீர்மானங்களும் ஒருமனதானவை. அந்த ஒரு மனம் யாருடையது என்பது எங்கள் தலைவி சிடோனியா கஃப்லிஷ் அம்மையாரை ஒருமுறை பார்த்தவர்களுக்குப் புரியும்.

அம்மையாருக்கு வாழ்வில் ஒரே லட்சியம்: 'குடும்பங்களுக்கு உகந்த அழகிய சிற்றூர்' என்ற முத்திரை. ஆண்டுக்கு ஓர் ஊருக்குத்தான் அதைத் தருவார்கள். எங்களிடம் வெயிலில் கறுத்த மரவீடுகள் இருந்தன. சன்னல்தோறும் சிவப்பு ஜெரேனியம் பூ இருந்தது. கல் தொட்டியில் விழும் ஊற்று இருந்தது. இந்த அழகுக்கெல்லாம் ஒரே ஓர் இடைஞ்சல். ஊரில் ஆட்கள் குடியிருந்தார்கள்.

குறிப்பாக, ஊற்றுச் சந்தின் மூன்றாம் எண் வீட்டில் ட்யோன்ஸ் குடும்பம் குடியிருந்தது. ஜியான் ட்யோன்ஸ் மஞ்சள் பேருந்தின் ஓட்டுநர். ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவனும் அவன்தான். அவன் மனைவி ரெகுலா, விடுமுறை வீடுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைப்பவள். இருவரும் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர்களுக்கு ஏழு வயதில் லடீனா என்றொரு மகள், அவளுக்குக் கீழே இரட்டைப் பையன்கள்.

எதிர்வீட்டில் ஒரு வாரம் தங்கிப்போன விருந்தினர் ஒருவர் கருத்துப் புத்தகத்தில் இப்படி எழுதினார்: "மலைக்காட்சி அருமை. பாலாடைக்கட்டி அருமை. ஆனால் எதிர்வீட்டுக் குழந்தைகள் காலை ஏழு மணிக்கே சிரிக்கிறார்கள்."

அன்று மாலையே அவசரக் கூட்டம்.

"மேடம், அவங்களே மூணு குழந்தைங்களோடதான் வந்திருந்தாங்க," என்றேன்.

"அவங்க குழந்தைங்க சத்தம் அவங்களுக்குப் பழகிப்போச்சு, மெல்கியோர். இது கூடுதல் சத்தம்."

"அப்போ 'கூடுதல் சத்தம்'னே எழுதிக்கவா?"

"வேண்டாம், மனசு புண்படும். 'உள்ளூர்ச் சத்தம்'னு எழுதுங்க."

எழுதினேன். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரையும், மாலை ஆறு முதல் காலை ஒன்பது வரையும் உள்ளூர்ச் சத்தம் தவிர்க்கப்பட வேண்டும் என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆனால் வாரியம் நோயின் வேரையே பார்க்கும் பழக்கமுடையது. ட்யோன்ஸ் குடும்பம் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் கீழே சமவெளியில் பல் மருத்துவர். சொத்தையைக் கண்டால் பிடுங்கிவிட வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். வீட்டைப் புதுப்பித்து 'குடும்ப விடுமுறை இல்லம்' ஆக்க முடிவு செய்தார். ஆக, அந்த வீட்டுக்கு வீடுபேறு கிட்டியது. அதில் இருந்தவர்களுக்குக் கடிதம் கிட்டியது. இத்தகைய கடிதங்களின் மாதிரியை எங்கள் வாரியம் எல்லா வீட்டு உரிமையாளர்களுக்கும் இலவசமாக வழங்கி வந்தது. நடை என்னுடையது.

ரெகுலா அந்தக் கடிதத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். மேசைமேல் விரித்து வைத்துப் படித்தாள்.

"'குடும்பங்களை வரவேற்கும் பொருட்டு, தங்கள் குடும்பம் மார்ச் முப்பத்தொன்றுக்குள் வெளியேறுமாறு'... மெல்கி, இது நீ எழுதினதுதானே?"

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"'பொருட்டு'ன்னு இந்த ஊர்ல வேற யாரு எழுதுவா?"

எனக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது.

"நாங்க குடும்பம் இல்லையா?"

"குடும்பம்தான், ரெகுலா. ஆனா ஏழு நாளைக்கு மேல தங்குறீங்க."

அவள் சிரிக்கவில்லை. "சரி, வேற வீடு பாத்துக் குடு. அறுபத்தொரு வீடு உன் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல."

தேடினேன். "தேவாலயத்துக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. நல்ல வீடு. ஏப்ரல் மூணாம் தேதியிலேருந்து பத்தாம் தேதி வரைக்கும்."

"பத்தாம் தேதிக்கு அப்புறம்?"

"பெல்ஜியத்துலேருந்து வர்றாங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சோப்பில் ஊறி வெளுத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த ஊர்ல இருக்கிற அத்தனை படுக்கைக்கும் விரிப்பு தொவைக்கிறவ நான். எனக்குப் படுக்க இடமில்ல. இதையும் எழுதிக்க."

'கருத்து பெறப்பட்டது' என்று எழுதிக்கொண்டேன்.

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை அவர்கள் புறப்பட்டார்கள். பாலாடைக்கட்டி வண்டியை இரவல் வாங்கி ஜியான் சாமான்களை ஏற்றினான். இரட்டையர்களில் ஒருவன் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தான். அவன் விரல்களை ரெகுலா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இதை ஏதோ வட்டார வழக்கம் என்று நினைத்த விருந்தினர்கள் நின்று படம் எடுத்தார்கள். ஒரு பெண்மணி என்னிடம், "இது ஒவ்வொரு வருஷமும் நடக்குமா?" என்று கேட்டார். அந்த ஆண்டு அது நான்காவது முறை என்பதால், "இப்பல்லாம் அடிக்கடி நடக்குது," என்றேன். ஒரு நாற்காலியை வண்டியில் ஏற்றிக் கொடுக்கப் போய், பாதியிலேயே இறக்கி வைத்துவிட்டேன். உயரம் காரணமாக இருக்கலாம். நான் இந்த உயரத்தில் பிறந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன.

அவர்கள் பள்ளத்தாக்கில், நெடுஞ்சாலை ஓரத்து அடுக்ககத்துக்குப் போனார்கள். பேருந்தில் நாற்பது நிமிடம்.

அதன் பிறகு முன்னேற்றம் மளமளவென்று நடந்தது. மூன்று பிள்ளைகள் போனதும் பள்ளியில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். மாநில அரசு பள்ளியை மூடியது. வாரியம் மனம் தளரவில்லை; அதைப் 'பண்டைய வகுப்பறை அனுபவம்' ஆக மாற்றியது. எங்கள் பிள்ளைகள் அழுதுகொண்டே போன கட்டடத்துக்குள் விருந்தினர் பிள்ளைகள் அனுமதிச்சீட்டு வாங்கிப் போய் பலகையில் எழுதிப் பார்த்தார்கள்.

அடுத்து, தீயணைப்புக் கொட்டகை. பதினான்கு தொண்டர்களில் பதினோரு பேர் பள்ளத்தாக்கில் குடியேறிவிட்டார்கள்; மிஞ்சிய மூவர் எழுபதைத் தாண்டியவர்கள். இவ்வளவு நல்ல கட்டடத்தைச் சும்மா வைத்திருப்பதா? உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்னும் ஃபோண்ட்யூ விருந்துக்கு அதை விடலாம் என்று அம்மையார் முன்மொழிந்தார். சிவப்பு வண்டியின் மேலேயே எட்டுப் பேர் உட்காரும் மேசை.

"நெருப்புப் பிடிச்சா, மேடம்?"

"கீழேயிருந்து வண்டி வரும். முப்பத்தஞ்சு நிமிஷம்னு எழுதியே குடுத்திருக்காங்க."

"அந்த முப்பத்தஞ்சு நிமிஷம்?"

"லீவுல வந்தவங்களுக்கு என்ன அவசரம், மெல்கியோர்?"

ஒருமனதாக நிறைவேறியது.

செப்டம்பரில் முத்திரைக் குழு வந்தது. தலைவர் அம்ப்யூல், குழந்தையில்லாதவர்; ஆகவே குடும்பங்களைப் பற்றி நடுநிலையோடு பேசக்கூடியவர். எல்லாவற்றையும் பார்த்து நெகிழ்ந்தார். ஊற்றடியில் நின்றபோது மட்டும் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"ஏழாவது நிபந்தனை, 'உயிரோட்டமுள்ள ஊர்'. உள்ளூர்க் குழந்தைங்க ஒருத்தரையும் காணமே?"

"லீவுக்குப் போயிருக்காங்க," என்றார் அம்மையார், இமைக்காமல்.

"எங்க?"

"இதே மாதிரி ஒரு அழகான சின்ன ஊருக்கு."

"சரிதான். அந்த ஊர்க் குழந்தைங்க இங்க வந்திருப்பாங்க," என்று அவர் ஏழாவது கட்டத்தில் குறியிட்டார்.

பிப்ரவரி வந்தது. பனிச்சறுக்கு விடுமுறை வாரம், அறுபத்திரண்டு வீடுகளும் நிறைந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஊற்றுச் சந்து மூன்றாம் எண்ணின் புகைபோக்கியிலிருந்து தீ எழுந்தது. பல் மருத்துவர் அங்கே ஒரு திறந்த கணப்பு கட்டியிருந்தார், 'குடும்பம் கூடிக் குளிர்காயும் பொருட்டு'. முந்நூறு ஆண்டு உலர்ந்த மரம். நான் போய்ச் சேர்வதற்குள் கூரையில் பாதி எரிந்துகொண்டிருந்தது.

தேவாலய மணியை நானே அடித்தேன். எல்லா வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இருநூறு, முந்நூறு பேர். சந்து முழுவதையும் அடைத்து அரைவட்டமாக ஒழுங்காக நின்றார்கள். முன்னால் இருந்தவர்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று குனிந்துகொண்டார்கள். ஒரு தந்தை மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னிடம், "எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டார். வார நிகழ்ச்சி நிரலில் ஞாயிறு மூன்று மணிக்கு எதுவும் போடவில்லை என்பதும் அவருக்கு ஒரு குறை.

நான் தீயணைப்புக் கொட்டகைக்கு ஓடினேன். வண்டிமேல் ஒரு பிறந்தநாள் விருந்து. தண்ணீர் பீய்ச்சும் குழாயைச் சுவரில் வளைத்துச் சின்ன விளக்குகள் கோத்திருந்தார்கள். தெருக் குழாயைத் திறக்கும் இரும்புச் சாவியை அலங்காரமாகச் சட்டமிட்டுச் சுவரில் ஆணியடித்திருந்தார்கள். நகத்தால் பெயர்க்கப் பார்த்தேன், வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பிறந்தநாள்காரருக்கு வாழ்த்துச் சொன்னேன். சொன்னேன் என்று பிறகு பரிமாறும் பெண்தான் சொன்னாள், எனக்கு நினைவில்லை.

மூன்று பத்துக்கு மஞ்சள் பேருந்து வந்தது. வளைவிலேயே புகையைப் பார்த்துவிட்ட ஜியான், பயணிகளோடு வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் ஓடி வந்தான். சட்டத்தை உதைத்து உடைத்தான். சாவியை என் கையில் திணித்தான்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"பெரியவங்க ரெண்டு, குழந்தைங்க ரெண்டு. ஆன்ட்வெர்ப்."

"ஊரையாடா கேட்டேன்? எங்க இருக்காங்க?"

பெற்றோர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு எரிந்துகொண்டிருந்தது. ஜியான் முன்பக்கம் போகவே இல்லை. பின்பக்க விறகுக் கொட்டகையின் கூரைமேல் ஏறினான். சின்ன சன்னல் ஒன்றை இழுக்கவில்லை, தள்ளவில்லை. கீழ்ச்சட்டத்தைத் தூக்கி இடப்பக்கம் நகர்த்தினான். அது திறந்தது. உள்ளே போனான். அரைவட்டம் அப்போதுதான் கலையத் தொடங்கியது. ஒரு பெண்மணி கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "வாளி எங்க இருக்கு?" என்று கேட்டார். அவரைத் தொடர்ந்து பத்துப் பேர் வந்தார்கள். கையிலிருந்த சாவியால் தெருக் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஜியான் ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து கூரையில் உட்கார வைத்தான். மறுபடி போனான். அந்தச் சில நொடிகளைப் பற்றி எனக்கு அலுவலக மொழியில் எதுவும் எழுதத் தெரியவில்லை. பிறகு ஒரு பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பையன் இருமினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

கீழேயிருந்து வண்டி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் வந்தது; வழியெல்லாம் விருந்தினர் கார்கள். வீடு தரைமட்டமாகியிருந்தது. பக்கத்து வீடுகள் தப்பின.

ஜியான் ஊற்றடியில் உட்கார்ந்து கையைப் பனியில் புதைத்திருந்தான்.

"அந்த ஜன்னல் அப்படித்தான் திறக்கும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"லடீனா அதுவழியாத்தான் எங்களுக்குத் தெரியாம வெளிய குதிப்பா. எங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது." பனியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தான். "பஸ் ஒரு மணி நேரம் லேட். காரணம் எழுதிக் குடுக்கணும். நீதான் நல்லா எழுதுவியே, என்ன எழுத?"

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"வீட்டுக்குப் போயிருந்தேன்னு எழுது," என்று எழுந்து போனான்.

புதன்கிழமை மாநிலத் தீப்பாதுகாப்பு அதிகாரி விசாரணைக்கு வந்தார். மெலிந்த, பொறுமையான மனிதர். என் எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"தீயணைக்க எத்தனை பேர் வந்தாங்க?"

"ஒருத்தர். அவரும் வெளியூர்."

"வண்டி?"

"அதுல பிறந்தநாள் நடந்துட்டிருந்தது."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "போன வருஷக் கணக்குல இங்க பதினாலு பேர் படையில இருந்தாங்க. பள்ளிக்கூடம் இருந்தது. இந்த ஊருக்கு என்னங்க ஆச்சு? யார் பண்ணின வேலை இது? எனக்குப் பேர் வேணும்."

வாரியத்தில் ஒன்பது பேர். எல்லோரையும் காட்டிக்கொடுக்கும் துணிவு எனக்கு இல்லை. பதினோரு ஆண்டுகளாக நான் ஒருவரோடும் மாறுபட்டதில்லை. அப்போது தபால் வந்தது. ஒரு பெரிய தட்டையான பெட்டி. அவர் காத்திருக்க, வேறு செய்யத் தோன்றாமல் அதைப் பிரித்தேன். பொன் விளிம்பு வைத்த பாராட்டுப் பத்திரம். மேலே முத்திரை. அதன் கீழே, 'ப்ரூனாக் ஊரை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர்கள்' என்று தலைப்பிட்டு ஒன்பது பெயர்கள் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. செயலாளர் என்பதால் என் பெயர் கடைசியில், சற்றுத் தடித்த எழுத்தில் இருந்தது.

ஒருமுறை படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. மேசைக்கு மறுபக்கம் அவரிடம் நீட்டினேன்.