நெடுந்தீவு தவிர

கொழும்பிலிருந்து வான் பிடித்து வரும் விருந்தாளிகளுக்குத் தீவகம் முழுவதையும் தானே காட்டுவதென்று எமிலியானுஸ் தீர்மானித்தார். நெடுந்தீவு தவிர.

சமாதானம் வந்து, பாதை திறந்து ஒரு வருடம்தான். வருகிறவன் அவருடைய மனைவி இரஞ்சிதத்தின் சித்தி மகன் அன்ரனிதாஸ். கூடவே அவன் மனைவி நிரோஜினி. இருவரும் இந்தப் பக்கமே கண்டதில்லை.

“நெடுந்தீவையும் காட்டுங்கோவன். அங்கை குதிரையள் நிக்குது,” என்றாள் இரஞ்சிதம் குசினிக்குள்ளிருந்து.

“குதிரைக்கு என்ன, நாலு கால்தானே. கொழும்பிலையும் நிக்கும்.”

“நேசம்மாவும் கொழும்பிலையோ நிக்கிறாள்?”

நேசம்மா இரஞ்சிதத்தின் தங்கை. நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் லியோன், எமிலியானுஸின் தாயுடைய செத்தவீட்டுக்கு வரவில்லை. “அவன் வந்து துக்கம் விசாரிக்கிற வரைக்கும் அவன்ரை வாசல் மிதியன்,” என்று எமிலியானுஸ் சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார். அது சண்டைக்காலம். தீவு விட்டுத் தீவு போகப் பாஸ் வேண்டும். அவருக்கு அது தெரியாததல்ல. ஆனால் தெரிந்திருப்பது வேறு, சனத்துக்கு முன்னால் சொன்னதை விழுங்குவது வேறு. புருஷன் போகாத வீட்டுக்குப் பெண்சாதி எப்படிப் போவது? அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு முகம் பார்க்கவில்லை.

“சரி, உங்கட விருப்பம்,” என்றாள் இரஞ்சிதம். அவள் இவ்வளவு கெதியாக ஒத்துக்கொண்டது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அங்கேதான் அவர் பிழைவிட்டார்.

விருந்தாளிகள் வந்ததும் இரஞ்சிதத்தையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்; எமிலியானுஸ் வானின் முன் சீற்றில் ஏறிக்கொண்டார். மண்கும்பான் கடற்கரையைத் தானே மண் பறித்து உண்டாக்கியவர்போலக் காட்டினார். கடலுக்குள் நிற்கும் கோட்டையைப் பற்றி அவர் சொன்னதில் பாதி அவருக்கே புதிது. குறிகட்டுவான் இறங்குதுறையில் தெரு முடிந்தது.

“நெடுந்தீவு தூரமோ அத்தான்?” என்று கேட்டான் அன்ரனிதாஸ்.

அவர் வாய் திறக்க முதல், துறை முழுக்கக் கேட்கும் குரலில் இரஞ்சிதம் முந்திக்கொண்டாள்.

“வேண்டாம் தம்பி. அது பெரிய கடல். அத்தானுக்கு இப்ப ஏலாது. வள்ளம் ஆடினாச் சத்தி எடுத்துப்போடுவார்.”

வள்ளக்கார இராயப்பு சிரித்தான். “எமிலியானுஸ் அண்ணையோ?”

“வயசு போகுதெல்லே,” என்றாள் அவள் இரக்கத்தோடு.

எமிலியானுஸுடையது பாட்டன் காலத்திலிருந்து கடலில் உழைத்த குடும்பம்.

“ஆருக்கடி சத்தி? இராயப்பு, எடடா வள்ளத்தை! நெடுந்தீவுக்கு!”

தான் என்ன சொன்னோம் என்பது நடுக்கடலில்தான் அவருக்கு உறைத்தது.

குதிரைகளைக் காட்டினார். அதன்பிறகு எல்லோரும் லியோன் வீட்டுக்குள் போக, அவர் மட்டும் தெருவில் நின்றார். உள்ளே அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவது கேட்டது. அவர் கடலைப் பார்த்தார். கடல் அந்தப் பக்கம் இல்லை.

லியோன் சாப்பாட்டுக் கோப்பையோடு ஒரு கதிரையையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்தான்.

“உள்ள வரமாட்டியள் எண்டு தெரியும். இருங்கோ அண்ணை. அண்டைக்குப் பாஸ் கிடைக்கேல்லை. பொழுதுபடும் வரைக்கும் துறையில நிண்டனான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமோ?”

“சொல்லிப்போட்டனெல்லே.”

லியோன் தலையாட்டிவிட்டு மீன் குழம்பை இன்னும் கொஞ்சம் விட்டான். குழம்பில் நல்ல உறைப்பு. கண் கலங்கியதற்கு அது போதும்.

வெயில் சாய்ந்ததும் எமிலியானுஸ் எழுந்தார். “இரஞ்சிதம், கெதியா வாரும், வள்ளம் நிக்குது!”

“எந்த வள்ளம்? இராயப்புவை நாளைக்கு வரச்சொல்லி அப்பவே அனுப்பிப்போட்டன்.”

“அப்ப நான் எங்கை படுக்கிறது?”

இரஞ்சிதம் வேலியருகே வந்தாள். நெடுந்தீவு வேலி என்றால் கடற்பாறைக் கல்லை மேலுக்கு மேல் அடுக்கியதுதான், சாந்து கிடையாது. அவள் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கீழே வைத்தாள். ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி வந்தது.

“வாசலைத்தானே மிதியன் எண்டனீங்கள்? இதால வாங்கோ.”

எமிலியானுஸ் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை. குனிந்து உள்ளே வந்தார்.

“வந்தது நல்லது. இனிக் கல்லை அடுக்கிவிடுங்கோ,” என்றாள் இரஞ்சிதம். “மாடு பூந்திடும்.”