வெந்நீர்த் தொட்டியும் ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு யூனிட்டும்

ஏற்காடு,
12.2.2025, புதன்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தமிழ்செல்வன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் காளியண்ணன் எழுதும் கடிதம். ஓசூரில் நீங்களும் கீர்த்திகாவும் பேத்தி கவிப்பிரியாவும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி குறைந்துவிட்டது, மிளகு நன்றாகக் காய்கிறது, உங்கள் அத்தைக்கு பிரஷர் சரியாக இருக்கிறது. இந்த மூன்றையும் தவிர வேறு எதுவும் சரியாக இல்லை என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் போனை எடுப்பது கீர்த்திகா. எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். இந்தப் பக்கம் உங்கள் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். இது நாம் இருவர் மட்டும் பேசி முடிக்க வேண்டிய விஷயம் என்பதால் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும்.

விஷயம் இதுதான். நீங்கள் அன்போடு வாங்கி அனுப்பிய, ஆள் இறங்கி உட்கார்ந்து குளிக்கிற அந்தக் கரண்ட் வெந்நீர்த் தொட்டியை வருகிற ஞாயிற்றுக்கிழமை திருப்பி அனுப்புகிறேன். முடிவு எடுத்தாகிவிட்டது, யார் சொன்னாலும் மாற மாட்டேன். சேலத்தில் மினி லாரிக்குச் சொல்லி அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு லாரி இங்கே வரும், சாயங்காலத்துக்குள் உங்கள் வாசலில் நிற்கும். இறக்குவதற்கு ஆறு ஆட்களை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். அன்றைக்கு உங்கள் அத்தையை மாரமங்கலத்தில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். ஜீப் பேசட்டுமா என்று கேட்டதற்கு, எதற்கு வீண் செலவு, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே அந்தப் பக்கம் தொந்தரவு இல்லை.

உங்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மழையில் பின்கட்டுப் பாசியில் வழுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்ட உங்கள் அத்தை நான்கு மாசம் வாசல் தாண்டவில்லை. தீபாவளிக்கு வந்திருந்தபோது, சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் அடுப்படிக்குப் போவதை நீங்கள் பார்த்தீர்கள். ஊருக்குப் போய் மூன்றாவது வாரம், முழங்கால் வெந்நீரில் ஊறட்டும் என்று தொட்டியை ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். சொன்னது சொன்னதுதான், இப்போதும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் கரண்ட் என்று ஒன்று இருக்கிறதே, மாப்பிள்ளை.

தொட்டி வந்த அன்றைக்கே எனக்கு லேசாக உறுத்தியது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் லாரி திரும்ப முடியாமல் நின்று, சுற்றுலா வந்த கார்களெல்லாம் பின்னால் நின்று ஹாரன் அடித்து, கடைசியில் வெள்ளக்கடையிலிருந்து எட்டுப் பேர் வந்து தூக்கி, வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிகளுக்கு நடுவே கொட்டகை போட்டு வைத்தோம். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஏனுங்கண்ணா, இது மாட்டுக்குத் தண்ணி காட்டறதுக்குங்களா?” என்று கேட்டாள். “மனுசனுக்குங்க” என்றேன். “அட கடவுளே, இத்தன பெருசாவா அழுக்கு இருக்குது உங்களுக்கு?” என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், முறைப்படி விண்ணப்பம் எழுதி, வீட்டு இணைப்பின் லோடைக் கூட்டி வாங்கி, தனி ஒயர் இழுத்து, எர்த் போட்டு, எல்லாம் சட்டப்படி செய்தேன். முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தவன் வீட்டில் திருட்டுத்தனமாக ஒரு குண்டு பல்புகூட எரியக்கூடாது என்பது என் கொள்கை.

முதல் நாள் தொள்ளாயிரம் லிட்டர் தண்ணீர் நிரப்பி, காலையில் ஸ்விட்சைப் போட்டு, சாயங்காலம்தான் பதமாகச் சூடு ஏறியது. உங்கள் அத்தை முதலில் இறங்கினாள். அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்தபோது அவள் முகத்தில் நான்கு மாசமாக இல்லாத தெளிச்சி. எனக்கும் ஆசை வந்துவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழி மறித்துக்கொண்டாள்.

“எங்க போறீங்க?”

“குளிக்கத்தான்.”

“நான் முக்குளிச்ச தண்ணியிலயா? ஏனுங்க, ஒருத்தரு மேலுக்குத் தண்ணி வார்த்த அதே தண்ணியில இன்னொருத்தரு எறங்குவாங்களா? நம்ம ஊட்ல அப்படியொரு பழக்கம் இருக்குதுங்களா? குண்டாவுல இருக்கற எச்சித் தண்ணியவே கொட்டிட்டு வேற மோந்து குடிக்கறவங்க நாம!”

அவள் கேட்டதில் என்ன தப்பு? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நானே குனிந்து அடைப்பைப் பிடுங்கினேன். தொள்ளாயிரம் லிட்டரும் காப்பிச் செடிக்குப் போனது. மறுபடி நிரப்பி மறுநாள் நான் குளித்தேன். அதையும் கொட்டினோம். அப்படியே முறை வைத்துக்கொண்டோம், ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். சனிக்கிழமையானால் எண்ணெய் தேய்த்து, அரப்பு இலைத் தூள் போட்டு, தொட்டிக்குள்ளேயே தலைக்குக் குளித்தோம். காப்பிச் செடிகள் பருவம் தவறிப் பூத்துத் தொலைத்தன. வெள்ளையம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, காற்றில் அரப்பு வாசமும் காப்பிப்பூ வாசமும் சேர்ந்து வருகிறது என்று ஊரெல்லாம் சொன்னாள். எங்களைப் போல சுத்தபத்தமாக இந்த மலையில் யாரும் குளித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பெருமை வேறு.

ஜனவரி இருபதாம் தேதி ஸ்டெஃபி ரீடிங் எடுக்க வந்தது. என் இடத்துக்கு வந்த பெண், நல்ல பெண். மீட்டரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி மீட்டரைப் பார்த்தது. “ஆயிரத்து எழுநூத்திப் பன்னெண்டு யூனிட்டுங்க சார்” என்றது. எங்கள் வீட்டில் இரண்டு மாசத்துக்கு இருநூறு யூனிட்டைத் தாண்டியதே கிடையாது, மாப்பிள்ளை. ஐந்நூறைத் தாண்டினால் ரேட்டே வேறு என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். வந்த தொகையை இங்கே எழுத மாட்டேன். என் ஒரு மாசப் பென்ஷனில் பாதி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

“மீட்டரு வேகமா ஓடுது, கண்ணு” என்றேன்.

அது கொஞ்சம்கூடத் தயங்காமல், “மீட்டருக்கு உங்க மேல என்னங்க சார் பகை? ஓடுனதத்தானுங்க காட்டும்” என்றது. முப்பத்தொரு வருஷம் செம்மநத்தம் முதல் வெள்ளக்கடை வரைக்கும் வீடு வீடாகப் போய், சண்டைக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்ன வாசகம் அது. ஒரு எழுத்து மாறவில்லை. உள்ளே உங்கள் அத்தை சிரிப்பதும் எனக்குக் கேட்டது.

நான் விடுகிற ஆள் இல்லை. மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். என்னோடு வேலை பார்த்த இருவர் பெட்டியோடு வந்து, டீ குடித்து, ஒயரை மாட்டிப் பார்த்து, மீட்டர் ஒரு நூல் பிசகாமல் ஓடுகிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அப்படியானால் கசிவு வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு செய்து வீட்டுக்குள் இறங்கினேன். பிரிட்ஜை நிறுத்தினேன். இட்லி மாவு பொங்கி வெளியே வந்தது. மிக்ஸியைப் பரண் மேல் ஏற்றினேன். மூன்று நாள் சட்னி இல்லை. டி.வி. பிளக்கைப் பிடுங்கினேன். அன்றைக்கு உங்கள் அத்தை என்னோடு பேசவில்லை. இத்தனையும் செய்துவிட்டு ஸ்டூலைப் போட்டு மீட்டருக்கு எதிரே நாள் முழுக்க உட்கார்ந்து மணிக்கொரு தரம் நோட்டில் குறித்தேன். தொட்டி காயாத நேரத்தில் மீட்டர் தூங்கியது. தொட்டி காய ஆரம்பித்ததும் எழுந்து ஓடியது. இந்த மலைக் குளிரில் ஒரு தொட்டித் தண்ணீர் காய இருபத்தைந்து யூனிட். அறுபது நாள், அறுபது தொட்டி. ஊருக்குக் கணக்குப் பார்த்தவனுக்குத் தன் வீட்டுக் கணக்கு மட்டும் இரண்டு மாசம் புரியவில்லை என்பதை எழுதக் கை கூசுகிறது.

போன சனிக்கிழமை தொட்டியில் தண்ணீர் சுழலாமல் நின்றுவிட்டது. விடுதிகளில் இதே மாதிரித் தொட்டிகளைப் பழுது பார்க்கும் ஜெப்சனைக் கூப்பிட்டேன். பையன் ஃபில்டரைக் கழற்றினான். பச்சைப் பசேலென்று ஒரு உருண்டை வெளியே வந்தது. முகர்ந்து பார்த்தான். “ஏனுங்க, இது அரப்புங்களா?” என்றான். ஆமாம் என்றேன். உருண்டையைத் தூர எறிந்தான். பிறகு, “இந்தத் தண்ணிய எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்தறீங்க?” என்று கேட்டான்.

“நாளா? ஒருக்கா குளிச்சா ஒருக்கா மாத்திருவோமுங்க” என்று உங்கள் அத்தை பெருமையாகச் சொன்னாள்.

ஜெப்சன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான். “அக்கா, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்துனாப் போதுமுங்க. மருந்து போட்டு, மூடி போட்டு வெச்சா ஃபில்டரே சுத்தம் பண்ணிக்கும். சூடும் அப்படியே நிக்கும், கரண்டும் நொம்ப ஆவாது.”

“மூணு மாசம் நின்ன தண்ணியில எறங்கறதுக்கு நான் என்ன எருமையா, சாமி?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான். அன்றிலிருந்து தொட்டி காலியாகக் கிடக்கிறது. தினமும் தண்ணீர் மாற்றினால் என் பென்ஷன் தாங்காது. மாற்றாவிட்டால் அவள் இறங்க மாட்டாள். இறங்காத தொட்டி எதற்கு? பூனை படுப்பதற்கா? ஆகவேதான் லாரி.

அவள் காலைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இப்போது நன்றாகவே நடக்கிறாள். அது தைலம் தந்த குணம் என்பது என் திடமான அபிப்பிராயம். நான்கு நாளாக வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் இரண்டு நாளில் சரியாகிவிடும். தொட்டியை உங்கள் மாடியில் வைத்தால் கவிப்பிரியா நீச்சல் பழகலாம்.

எல்லா நலமும் உங்கள் மூவரையும் தேடி வரட்டும், உங்கள் வீட்டு மீட்டர் என்றைக்கும் நிதானமாக ஓடட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்
கா. காளியண்ணன்
(ஓய்வு பெற்ற கணக்கீட்டாளர்)

பின்குறிப்பு: வியாழக்கிழமை எழுதுகிறேன். நேற்றுக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் உங்கள் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாம் பக்கம் படித்துக்கொண்டிருக்கிறாள். முழுவதும் படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தாள். “மாப்ளைக்குப் பொய் எழுதாதீங்க. தைலம் ஐப்பசியிலயே தீந்து போச்சு” என்றாள்.

உண்மைதான், மாப்பிள்ளை. கார்த்திகையில் சுவரைப் பிடித்து நடந்தவள், மார்கழியில் சுவரை விட்டாள், தையில் பஸ்ஸில் போகிறேன் என்கிறாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காதவன் போல மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்று எழுந்திருக்கும்போது அவள் மறுபடியும் சுவரில் கை வைத்தாள். ஓடிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த மூணு மாசத் தண்ணியிலயே எறங்கேன், சுதா. என்னோட எச்சின்னு பாக்காத” என்று கெஞ்சினேன். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு, “கல்யாணத்தன்னிக்கி உங்க எலையில சாப்ட்டவதானே நானு” என்றாள். இன்னும் கொஞ்சம் யோசித்தாள். “ஒருத்தரு குளிச்ச தண்ணியில இன்னொருத்தரு எறங்குனாத்தான தப்பு? ரெண்டு பேரும் ஒண்ணா எறங்குனா அது யாருக்கு யாரு எச்சிலுங்க?”

முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு யோசனை எங்கள் இருவருக்கும் வந்ததில்லை என்பதை மட்டும் மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன். இன்று காலை தொட்டியை நிரப்பினோம், சாயங்காலம் சூடு ஏறியது. இந்தப் பக்கத்தில் மை கலைந்திருந்தால் ஈரக் கை என்று புரிந்துகொள்ளவும். தண்ணீரை மாற்றுவது வாரத்துக்கு ஒரு முறை என்று பேசி முடித்திருக்கிறோம். எண்ணெயும் அரப்பும் வெளியே, வாளித் தண்ணீரில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படியும் ஐந்நூறைத் தாண்டும்தான். தாண்டட்டும். கட்டுகிறேன்.

பிறகு எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். அனுப்பியே தீர வேண்டும், நான் எப்படிப்பட்ட ஆள் என்று மாப்பிள்ளைக்குத் தெரியட்டும் என்பது அத்தையின் உத்தரவு. ஆறு ஆட்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லாரிக்காரர் மட்டும், அட்வான்ஸ் வாங்கிவிட்டேன், சொன்ன நேரத்துக்கு வந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். வரட்டும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வந்து எவ்வளவு ஹாரன் அடித்தாலும் யாரும் கதவைத் திறக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் தொட்டிக்குள்தான் இருப்போம்.